வந்த நாளிலிருந்து எண்ணுங்கள்: குழந்தைகள் நல மதிப்பீடு பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை இயக்குநர் அவர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்கள், மதிப்பீட்டுப் பணியை ஏற்கும் பல்கலைக்கழகச் சமூகப்பணித் துறைகளின் தலைவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 54, 55 என்று இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து வருகின்றன. 54 ஆய்வைப் பற்றியது. ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்துக்குப் போக வேண்டும். மூன்று பேருக்குக் குறையக் கூடாது. அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும். 55 மதிப்பீட்டைப் பற்றியது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு, குற்றம் சாட்டப்பட்ட சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம், பதிவு பெற்ற இல்லங்கள் ஆகியவை எப்படி இயங்குகின்றன என்பதைத் தனித்து நின்று மதிப்பிட அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. பல்கலைக்கழகக் குழுக்களுக்கு வாசல் திறப்பது இந்த 55தான்.

ஆனால் உள்ளே போன குழு பெரும்பாலும் 54இன் வேலையையே இன்னொரு முறை செய்துவிட்டு வருகிறது. எத்தனை கழிப்பறை, எத்தனை கட்டில், கண்காணிப்புக் கேமரா ஓடுகிறதா, தீயணைப்பான் காலாவதியாகிவிட்டதா என்று படிவம் நிரம்புகிறது. இவை தேவையற்றவை என்று நாங்கள் சொல்லவில்லை. அவற்றைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மதிப்பீட்டுக் குழுவிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: சென்ற ஆண்டு ஜூனில் இந்த வாசல் வழியாக உள்ளே வந்த குழந்தை இப்போது எங்கே இருக்கிறது? அதற்கு விடை சொல்லும்படி வேலையைத் திருப்பிக் கட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பார்வையிடும் நாளில் இல்லத்தில் இருப்பவர்களை எண்ணினால் என்ன தவறு? கணக்குக்காக ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 10 குழந்தைகள் வருகிறார்கள். எட்டுப் பேர் ஒரு மாதத்தில் வீடு திரும்புகிறார்கள். இரண்டு பேர் ஐந்து ஆண்டுகள் தங்குகிறார்கள். பல ஆண்டுகளாக இப்படியே நடக்கும் இல்லத்துக்குள் ஏதாவது ஒரு நாள் நுழைந்து பார்த்தால், குறுகிய காலம் தங்குபவர்கள் 8 பேரும் நீண்ட காலம் தங்குபவர்கள் 120 பேரும் இருப்பார்கள். அன்றைக்குக் கணக்கெடுத்த குழு, “இங்கே நூற்றுக்கு 94 பேர் வருடக்கணக்கில் தங்குபவர்கள்” என்று எழுதும். வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஒரே மாதத்தில் வீட்டுக்குப் போய்விட்ட செய்தி அந்த அறிக்கையில் எங்கும் வராது.

எதிர்ப்பக்கப் பிழை இதைவிட மோசமானது. “இந்த ஆண்டு வெளியேறியவர்கள் சராசரியாக எத்தனை நாள் தங்கினார்கள்?” என்று கேட்பது அந்தப் பிழை. மேலே சொன்ன இல்லம் தொடங்கி இரண்டு ஆண்டுதான் ஆகிறது என்று வையுங்கள். வெளியேறியவர்கள் எல்லோருமே ஒரு மாதத்தில் போனவர்கள். ஆகவே அறிக்கை முழு மதிப்பெண் தரும். உள்ளே மாட்டிக்கொண்ட 48 பேர் இன்னும் வெளியே வராததால் கணக்குக்குள்ளும் வரவில்லை. யாருக்காக இந்தச் சட்டமே எழுதப்பட்டதோ, அந்தக் குழந்தைகள்தான் இந்த முறையில் மறைந்துபோகிறார்கள்.

அமெரிக்கா இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. மாநிலங்களின் குழந்தைகள் நலப் பணியைப் பற்றி 2001இல் தொடங்கிய கூட்டரசு மறு ஆய்வின் முதல் சுற்றில், பெற்றோரிடம் திரும்பிய குழந்தைகளில் எத்தனை பேர் 12 மாதத்துக்குள் திரும்பினார்கள் என்று கேட்டார்கள். தேசிய அளவுகோல் 76.2 விழுக்காடு. திரும்பாதவர்களைப் பற்றி அந்தக் கேள்விக்குக் கவலையே இல்லை என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். 2015இல் தொடங்கிய மூன்றாம் சுற்றில் கேள்வி மாறியது: ஓராண்டில் உள்ளே வந்தவர்கள் எல்லோரிலும், 12 மாதத்துக்குள் நிலையான குடும்பத்தை அடைந்தவர்கள் எத்தனை பேர்? அப்போது வைத்த அளவுகோல் 40.5 விழுக்காடு. இரண்டும் வெவ்வேறு பொருளை அளப்பவை. ஒன்றோடு ஒன்றைக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் வகுக்கும் எண்ணில் யாரைச் சேர்க்கிறோம் என்பது படத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

நம் பக்கத்துச் சான்று 2020. அந்த ஆண்டு செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, இல்லங்களில் உள்ள குழந்தைகளை 100 நாளுக்குள் குடும்பத்திடம் சேர்க்கும்படி சொன்னது. நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த சுமார் 2.56 லட்சம் குழந்தைகளில் 1.84 லட்சம் பேர் அந்த எட்டு மாநிலங்களில் இருந்தார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கின்படி, பொதுமுடக்கம் தொடங்கியபோது இல்லங்களில் இருந்த 2,27,518 பேரில் 1,45,788 பேர் குடும்பத்திடம் அனுப்பப்பட்டிருந்தார்கள். வீடு திரும்பியவர்களின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் பிள்ளைகள் ஒரே பருவத்தில் வீடு திரும்பினார்கள். 1,45,788 என்ற எண் அனுப்பியவர்களின் கணக்கு. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் பள்ளியில் இருந்தார்கள், எத்தனை பேர் அதே இல்லத்துக்குத் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. அனுப்பிய நாளோடு பதிவேட்டை மூடிவிடும் வழக்கம் இருக்கும்வரை அடுத்த முறையும் இதே நிலைதான்.

ஆகவே பதிவேட்டிலிருந்து தொடங்குவோம். புதிய மென்பொருள் வேண்டாம். 12 பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போதும். குழந்தைக்கான மாறாத எண், பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண், பாலினம், பிறந்த தேதியும் அதற்கான சான்றின் வகையும், குழந்தைகள் நலக் குழு முன் முதன்முதலாக நிறுத்தப்பட்ட நாள், வந்த காரணம், கொண்டுவந்தவர், சொந்த ஒன்றியம், குழந்தையின் குடும்பப் பின்னணியைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கை படிவம் 22இல் வந்த நாள், இந்த இல்லத்தில் சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய விதமும் போன இடமும். இல்லம் மாறும்போதெல்லாம் புதிய வரி எழுத வேண்டும். குழந்தையின் எண் மட்டும் மாறவே கூடாது.

அந்த மாறாத எண்ணை நாங்கள் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. முதலில் தற்காலிகமாகத் தங்கவைக்கும் வரவேற்பு இல்லத்திலிருந்து குழந்தைகள் இல்லத்துக்கு மாற்றினால், முதல் இல்லம் “நீங்கினார்” என்று எழுதுகிறது, இரண்டாவது இல்லம் “புதிய சேர்க்கை” என்று எழுதுகிறது. ஒரே குழந்தை ஒரு வெற்றியாகவும் ஒரு புதிய வரவாகவும் இரண்டு முறை எண்ணப்படுகிறது. பெயரை வைத்துப் பின்னால் சேர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தமிழ்ப் பெயர்களை மறந்துவிடுகிறார்கள். முதலெழுத்து ஒரு பதிவேட்டில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் வராது. தந்தை விட்டுப்போன வீட்டில் தாயின் முதலெழுத்து வந்து உட்காரும். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் மூன்று விதமாக மாறும். பிறந்த தேதி துணைக்கு வராது. சான்றில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு நாளைப் போடுவது பழைய பழக்கம். பெயரின் ஒலி, பாலினம், சொந்த ஒன்றியம், தாயின் பெயர் நான்கும் பொருந்தினால் மட்டும் ஒரே குழந்தை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பொருந்தினால் கோப்பைத் திறந்து பாருங்கள். கணினியை மட்டும் நம்பி இணைத்த பட்டியலில் அக்காவும் தங்கையும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

அடுத்தது கோடை விடுமுறை. இங்குள்ள இல்லங்களில் பலவும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கத் தங்கும் விடுதி போலத்தான் நடக்கின்றன. தாயோ தந்தையோ ஊரில் இருப்பார். ஏப்ரல் கடைசியில் பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள், ஜூனில் திரும்புவார்கள். சில பதிவேடுகளில் அது “பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது” என்றும் பிறகு “புதிய சேர்க்கை” என்றும் ஏறுகிறது. மே 31ஆம் தேதிக் கணக்கில் அந்த மாவட்டம் மாநிலத்திலேயே சிறந்ததாகத் தெரியும். இதற்கு ஒரு விதி வைத்துவிடலாம்: குழந்தைகள் நலக் குழுவின் இறுதி உத்தரவு இல்லாமல் வெளியே இருக்கும் 60 நாள்வரை விடுமுறை என்றே கொள்ள வேண்டும், சேர்ந்த நாள் மாறாது. ஆண்டுக் கணக்கையும் ஜூன் 1 முதல் மே 31 வரை வைத்துக்கொண்டால் சேர்க்கைப் பருவம் இரண்டாக வெட்டுப்படாது.

நீங்கிய விதத்துக்கு ஏழு குறியீடுகள் போதும்: பெற்றோர், உறவினர், தத்து அல்லது வளர்ப்புக் குடும்பம், வேறு இல்லம், 18 வயது நிறைவு, சொல்லாமல் சென்றது, இறப்பு. “மற்றவை” என்று எட்டாவதாக ஒன்றை வைத்தால் கடினமான வழக்குகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

இப்படி ஓராண்டு வரவுகளைப் பிடித்த பிறகு நான்கு இடங்களில் நின்று பார்க்க வேண்டும். 15ஆம் நாள்: சமூக விசாரணை அறிக்கை வந்ததா? நான்காம் மாதம்: இறுதி உத்தரவு பிறந்ததா? இவ்விரண்டும் நாங்கள் கண்டுபிடித்த கெடுக்கள் அல்ல. சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே இருப்பவை. பிறகு 12ஆம் மாதமும் 24ஆம் மாதமும்: குழந்தை எங்கே? கணக்கிடும்போது, இன்னும் உள்ளே இருப்பவர்களைக் கழித்துவிடாமல் சேர்த்தே கணக்கிடும் கப்லான்–மையர் முறையைப் பயன்படுத்துங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் சில வரிகளில் முடியும் வேலை அது. சராசரியை விட்டுவிட்டு, வந்தவர்களில் பாதிப் பேர் எந்த நாளுக்குள் வீடு சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

கோப்பைப் படித்துக் குறியிடும் வேலையில் பத்தில் ஒரு கோப்பை இரண்டு பேர் தனித்தனியே படிக்க வேண்டும். “வந்த காரணம்” என்ற பத்தியில் இருவரும் ஒத்துப்போவது கடினம். தந்தை குடிக்கிறார், தாய் வேலைக்கு வெளியூர் போகிறார், வீட்டில் அடி. இது வறுமையா, புறக்கணிப்பா, வன்முறையா? தற்செயலாகப் பொருந்தியதைக் கழித்த பிறகும் ஒத்துப்போகும் அளவு (முழுதும் ஒத்துப்போனால் 1) 0.7க்குக் கீழே இருந்தால், குறியீட்டு விளக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

குழந்தைகளிடம் பேசும் பகுதிக்கு வருகிறோம். “இங்க சாப்பாடு நல்லா இருக்கா?” என்று கேட்டால், “நல்லா இருக்கு மிஸ்” என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட? எத்தன மணிக்கு?” என்று கேளுங்கள். “வீட்டிலிருந்து வர்றாங்களா?” என்பதற்குப் பதில், “கடைசியா யார் வந்தாங்க? அப்போ என்ன பண்டிகை பக்கத்துல இருந்துச்சு?” என்று கேளுங்கள். தேதி தெரியாத பிள்ளைக்கும் பொங்கல் தெரியும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்கு எட்டாத இடத்தில் உட்காருங்கள்: திண்ணை, மரத்தடி, கதவு திறந்த வகுப்பறை. இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். சம்மதத்தை இல்லக் கண்காணிப்பாளரிடம் மட்டும் வாங்குவது போதாது. மதிப்பிடப்படுபவரே அனுமதி தருபவராக இருக்க முடியாது. குழந்தைகள் நலக் குழுவின் எழுத்துபூர்வமான அனுமதியும், பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதலும், குழந்தையின் சொந்தச் சம்மதமும் வேண்டும். குழந்தை “வேணாம்” என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, அதற்காக அதை யாரும் திட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

களப்பணிக்கு வரும் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு, “நீ சொல்றத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றம் தெரியவந்த எவரும் காவல் துறையிடமோ சிறப்பு இளஞ்சிறார் காவல் அலகிடமோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைக்குரிய குற்றம். காப்பாற்ற முடியாத வாக்கை ஏற்கெனவே பலரால் ஏமாற்றப்பட்ட பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இப்படிச் சொல்லலாம்: “நீ சொல்றத உன் பேரோட எழுத மாட்டோம். ஆனா யாராச்சும் உன்ன அடிக்கிறாங்க, தப்பா தொடுறாங்கன்னு தெரிஞ்சா நாங்க சொல்லியே ஆகணும். யாருகிட்ட சொல்லப் போறோம்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவோம்.” இதைக் கேட்டபிறகு சில பிள்ளைகள் பேசாமல் போகலாம். போகட்டும். அது அவர்கள் உரிமை.

வீடு திரும்பிய பிள்ளைகளைத் தேடிப் போவதுதான் இந்த வேலையில் செலவும் உழைப்பும் மிகுந்த பகுதி. அறிக்கைகளில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. ஒன்றாம், ஆறாம், பன்னிரண்டாம், இருபத்து நான்காம் மாதங்களில் போக வேண்டும். ஒப்படைக்கும் நாளிலேயே வெவ்வேறு உறவினர் மூவரின் தொலைபேசி எண்களையும் குடும்ப அட்டை எண்ணையும் வாங்கி வையுங்கள். ஓர் எண் ஆறு மாதத்தில் மாறிவிடும். மூன்றும் சேர்ந்து மாறுவது அரிது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஆண்டின் முதல் பாதியில் போனால் பல வீடுகள் பூட்டியிருக்கும். செங்கல் சூளை நடக்கும் காலம் அது. திருவள்ளூர், செங்கல்பட்டு சூளைகளுக்குக் குடும்பத்தோடு போயிருப்பார்கள். பூட்டிய வீட்டுப் பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மீதிப் பேரை வைத்து விழுக்காடு போட்டால், பள்ளியை விட்டு நின்றிருக்க அதிக வாய்ப்புள்ள பிள்ளையைத்தான் எடுத்திருப்பீர்கள். “கண்டுபிடிக்க இயலவில்லை” என்பது தனி வரியாக, எண்ணோடு அறிக்கையில் இருக்க வேண்டும்.

இங்கே எமிஸ் எண் பெரிய உதவி. பள்ளி மாறும் மாணவரின் பெயர், புதிய பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை பொதுத் தொகுப்பில் நிற்கிறது. வீடு திரும்பி 30 நாள் ஆன பிறகும் ஒரு பிள்ளையின் பெயர் அந்தத் தொகுப்பில் கிடந்தால், அடுத்த வருகைக்குக் காத்திராமல் அன்றைக்கே ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இரு துறைகளின் பட்டியல்களை மாதம் ஒரு முறை பொருத்திப் பார்க்க ஓர் அரசாணை இருந்தால் இது நடக்கும்.

குழந்தை குடும்பத்தோடேயே வளர மாத உதவித்தொகை தரும் நிதி ஆதரவுத் திட்டத்தை மதிப்பிடுவது தனிக் கலை. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் ஊரகத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இந்த வருமான எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பவரையும் சற்று மேலே இருப்பவரையும் ஒப்பிட்டால் பயன் தெரியும் என்று பாடநூல் சொல்லும். சான்றிதழ் வாங்கும் எல்லோருக்கும் அந்த எல்லை தெரியும் என்பதால் இங்கே அந்த ஒப்பீட்டை நம்ப முடியாது. தொகைகள் எல்லைக்குக் கீழேயே வந்து நிற்கும். அதைவிட நல்ல வழி காத்திருப்போர் பட்டியல். மிகுந்த ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு முதலில் கொடுத்துவிடுங்கள். அதில் பேச்சுக்கே இடமில்லை. அதன்பின் ஒரே அளவு தேவையுள்ளவர்களுக்கு நிதி போதாதபோது குலுக்கல் மூலம் வரிசை தீர்மானித்தால், சிபாரிசுக்கும் இடமிருக்காது, நேர்மையான ஒப்பீடும் கிடைக்கும். குடும்பத்தோடு நிலைத்திருக்கும் பிள்ளைகள் 60 விழுக்காட்டிலிருந்து 70 ஆகிறார்களா என்று கண்டறிய ஒவ்வொரு பக்கமும் சுமார் 356 குழந்தைகள் தேவை. ஒரு மாவட்டத்தில் முடியாது, நான்கைந்து மாவட்டங்கள் சேர வேண்டும்.

குலுக்கல் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு இலினாய்ஸ் மாநிலத்தைக் காட்டுகிறோம். தாத்தா பாட்டி, அத்தை வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு, பெற்றோர் உரிமையை ரத்து செய்யாமலே உறவினரைச் சட்டபூர்வக் காப்பாளராக்கி உதவித்தொகை தரலாமா என்ற கேள்வியை அங்கே 1997 முதல் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். உதவித்தொகை வாய்ப்புப் பெற்ற பக்கத்தில் நிலையான குடும்பத்தை அடைந்தவர்கள் சுமார் 6 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல். 2008இல் அது நாடு முழுவதற்குமான சட்டத்தில் இடம்பெற்றது. அந்த மதிப்பீட்டுக்குப் பின்னால் நின்றது, 1996இல் இலினாய்ஸ் பல்கலைக்கழகமும் மாநிலக் குழந்தைகள் துறையும் சேர்ந்து தொடங்கிய ஆய்வு மையம். துறையின் தரவு, துறையின் பணம்; முடிவைச் சொல்வது மட்டும் பல்கலைக்கழகம்.

நம் ஒப்பந்தங்களில் காணாமல் போவது அந்தக் கடைசிப் பகுதிதான். அறிக்கையைத் துறை ஏற்றுக்கொண்ட பிறகே கடைசித் தவணை என்று எழுதினால், கசப்பான பக்கங்கள் ஏற்பதற்கு முன்பே மென்மையாகிவிடும். தரவு ஒப்படைத்தல், வரைவு, கள வருகைகள் ஆகியவற்றோடு தவணைகளைக் கட்டுங்கள். துறை மறுமொழி எழுத 60 நாள். அந்த மறுமொழியையும் சேர்த்து அறிக்கை வெளியாக வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு சொல்: உங்கள் முதுகலை மாணவர்கள் எந்த இல்லத்தில் களப்பயிற்சி எடுக்கிறார்களோ, அந்த இல்லத்தை நீங்கள் மதிப்பிடாதீர்கள். மாணவரின் வருகைப் பதிவில் கையெழுத்திடும் கண்காணிப்பாளரைப் பற்றி அந்த மாணவரே உண்மையை எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பக்கத்து மாவட்டப் பல்கலைக்கழகத்தோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதிரி அளவைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு விழுக்காட்டு எண்ணை ஐந்து புள்ளி கூடக் குறையச் சொல்ல 385 குழந்தைகள் போதும் என்பது தனித்தனியே குலுக்கி எடுத்தால்தான். இல்லம் இல்லமாக எடுத்தால், ஒரே இல்லத்துப் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பார்கள் என்பதால், குறைந்தது இரு மடங்கு, 770. ஐந்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும் என்று வைத்தால் தொடக்கத்தில் சுமார் 960 பேர். நிதிக் குறிப்பில் இந்த எண்ணும் நான்கு முறை வீட்டுக்குப் போகும் பயணப்படியும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வெளியிடும்போது மாவட்டவாரியாக வெளியிடுங்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு, மாநிலத் துறையோடு சேர்ந்து, மாவட்ட எண்களைக் காலாண்டுதோறும் பொதுவில் வைக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளம் வெளிப்படுவதைத் தடை செய்கிறது. ஆகவே 10க்குக் குறைந்த எண்களை மறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், அதே வரிசையில் இன்னொன்றையும் மறையுங்கள்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு மாவட்டங்கள் போதும்: சேர்க்கை அதிகமுள்ள ஒன்று, குடும்பங்கள் இடம்பெயரும் பகுதி ஒன்று. மார்ச்சுக்குள் 12 பத்திப் பதிவேட்டை அச்சடித்து, ஏப்ரலில் இல்லக் கணக்கர்களுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் தரவு அலுவலர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால், ஜூன் 1 அன்று வரும் முதல் குழந்தைக்கு மாறாத எண் ஒன்று காத்திருக்கும். ஜூன் 16 அன்று அந்தக் குழந்தையின் சமூக விசாரணை அறிக்கை கோப்பில் இருக்கிறதா என்று பார்க்க யார் போவது என்பதை ஒப்பந்தத்தில் பெயர் குறித்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலத் திட்டங்களின் ஆய்வு, மதிப்பீட்டுப் பணியில் இருப்போர்